பிறர் வீட்டை அழகாக்குவோரின் சொந்த வீடு

சிறுதொழில் என்றதும் கோழி வளர்ப்பும் தையலும் வீட்டுத் தோட்டமுமே எமது நினைவுக்கு வருகின்றன. இப்பாடத்தில் நாம் எடுத்துக்கொள்வது சற்று வேறான ஒரு தொழில். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த சந்திகளிலும் வீட்டின் உட்புறத்தைச் செய்துகொடுக்கும் வேலைத்தளங்கள் இருக்கின்றன. குசினி அலுமாரி, சீலிங், அறை பிரிக்கும் தட்டி, யன்னல் திரைச்சீலை, சுவாமித் தட்டு, செற்றி, நிறம் பூசுதல் எல்லாம் இதில் அடங்கும். பெயர்ப்பலகையில் சிலர் 'இன்ரீரியர்' என்றும், சிலர் 'உள்ளக அலங்காரம்' என்றும் எழுதுகின்றனர். 'தளபாட வேலைத்தளம்' என்ற பழைய பெயரோடு நிற்போரும் உண்டு. பெயர் எதுவானாலும், முதலாளி ஒருவர், உதவிக்கு இரண்டு மூன்று பேர், கணக்குப் பார்க்க மனைவி அல்லது தங்கை என்பதே இவற்றின் பொதுவான அளவு.

இத்தொழிலில் இருப்போர் பிறருடைய வீட்டை இருக்கத் தகுந்ததாக ஆக்குகிறார்கள். தமது வீட்டில் ஆறுதலாக இருக்க அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. இதை நேரப் பற்றாக்குறை என்று பெயரிட்டு, 'காலையில் ஒரு மணித்தியாலம் முந்தி எழும்புங்கள்' என்று புத்தி சொல்வது இலகு. அது பயன் தராது என்பது எமது எண்ணம். நோய் இருக்கும் இடம் மணிக்கூடு அல்ல, முற்பணக் கொப்பி. அதையே இங்கு விளக்க முயல்கிறோம்.

இத்தொழில் வந்த வழி

வன்னியில் கதவும் யன்னலும் வெறும் அலங்காரப் பொருட்களாக ஒருபோதும் இருக்கவில்லை. 1990 தொடக்கம் 2002 வரை இருந்த பொருளாதாரத் தடையின் காலத்தில் சீமெந்தும் இரும்பும் இங்கு வரவில்லை. மண் சுவரும் கிடுகுக் கூரையுமே பலருக்கு வீடு. 2002இல் ஏ9 வீதி திறந்தபின் கட்டத் தொடங்கியவர்கள், 2006 ஓகஸ்ட்டில் வீதி மீண்டும் மூடப்பட்டபோது பாதியில் நிறுத்தினார்கள். 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளில் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது கூரைத் தகட்டையும் கதவுநிலையையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சென்ற குடும்பங்கள் எத்தனையோ. திரும்பி வந்தபோது நின்றது சுவர் மட்டும். பல இடங்களில் அதுவும் இல்லை.

பின்னர் வீட்டுத்திட்டங்கள் வந்தன. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தின் பெரும் பகுதி 2012 ஒக்டோபரில் தொடங்கியது. பயனாளியே தன் வீட்டைக் கட்டும் முறையில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. அந்தப் பணத்தை அத்திவாரமும் சுவரும் கூரையும் விழுங்கிவிட்டன. பூச்சும் நிலமும் கடன்பட்டு முடித்தவர்கள் பலர். குசினிக்கு ஒரு தட்டு, குமர்ப்பிள்ளைக்கு ஒரு தனி அறை, துணிமணிக்கு ஒரு அலுமாரி என்பவை அடுத்த வெட்டுக்கும், அடுத்த சீட்டுக்கும், வெளிநாட்டிலிருக்கும் தம்பியின் உதவிக்கும் காத்திருந்தன. அந்தக் காத்திருப்பே இன்றைய வேலைத்தளங்களுக்கு வேலை கொடுத்தது. இதை ஆடம்பரத் தொழில் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. பல ஆண்டுகள் பொலித்தீன் விரிப்பின் கீழ் உடுப்பு மாற்றிய ஒரு பெண்ணிடம், அறைக்குத் தட்டி அடிப்பது ஆடம்பரமா என்று அவர்கள் கேட்டுப் பார்க்கட்டும்.

'ஓமக்கா, பாப்பம்'

2012ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி கிளிநொச்சி மாவட்டத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 1 இலட்சத்து 13 ஆயிரம் பேர். கொழும்பில் சில வட்டாரங்களிலேயே இத்தனை பேர் வாழ்கிறார்கள். இவ்வளவு சிறிய இடத்தில் வாடிக்கையாளர் என்று தனியாக ஒரு மனிதர் இல்லை. வந்து நிற்பவர் பிள்ளையின் ஆசிரியையாக இருப்பார். மனைவியின் பெரியம்மாவாக இருப்பார். கோவிலில் பக்கத்து வாங்கில் இருப்பவராக இருப்பார். அவரிடம் முடியாது என்று சொல்வது தொழிற் பேச்சாக முடிவதில்லை. அடுத்த நாள் அதே முகத்தில் விழிக்க வேண்டும்.

"அண்ணை, மகளின்ர கலியாணத்துக்கு முதல் முடிச்சுத் தருவியளோ?"

"ஓமக்கா, பாப்பம்."

சொன்னவருக்கு அது 'முயற்சி செய்கிறேன்' என்ற மரியாதைச் சொல். கேட்டவருக்கு அது தவணை. வீட்டுக்குப் போய் அவர் மேசனுக்கும் பந்தல்காரருக்கும் அந்தத் தவணையை வைத்தே நாள் கொடுக்கிறார். ஒரு 'பாப்பம்' மூன்று பேருடைய நாட்காட்டியில் ஏறிவிடுகிறது.

ஏன் அந்த 'ஓம்' அவ்வளவு விரைவாக வாயில் வருகிறது? முகத்தாட்சண்யம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வந்தவரின் கையில் முற்பணம் இருப்பது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இது விளக்கத்துக்காக நாம் போடும் கணக்கு. வாசகர்கள் தமது தொகைகளை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

குசினி அலுமாரி ஒன்றுக்கு 3 இலட்சம் ரூபா பேசப்படுகிறது. முற்பணம் 1 இலட்சத்து 20 ஆயிரம். பலகை, பிணைச்சல், கைபிடி, பசை, ஏற்றுக்கூலி எல்லாம் 1 இலட்சத்து 80 ஆயிரம். ஆகவே முதல் நாளே 60 ஆயிரம் குறைகிறது. வேலையாட்களின் கூலி இன்னும் சேரவில்லை. இந்த வேளையில் இரண்டாவது வாடிக்கையாளர் முற்பணத்தோடு வருகிறார். அவருடைய காசில் முதலாமவருடைய அலுமாரி முடிகிறது. இரண்டாமவருடைய வேலைக்கு மூன்றாமவர் வரவேண்டும். நான்காமவருடைய முற்பணம் மூன்றாமவருடைய சுவரில் ஆணி அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். இதில் எவரும் எவரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனாலும் ஐந்தாமவர் வராத மாதத்தில் நான்காமவருக்குப் பலகை வாங்க வழியில்லை.

இப்போது இதையே நாட்களாக மாற்றுவோம். ஒரு வேலைக்குப் பத்து வேலைநாள் தேவை என்று வைப்போம். கிழமைக்கு ஆறு நாள் வேலை. பணத்துக்காகக் கிழமைக்கு ஒருவராக நான்கு பேரை ஏற்று, ஒவ்வொருவருக்கும் 'இரண்டு கிழமை' என்று சொல்லிவிட்டோம். நான்காமவர் வருவது 18ஆம் வேலைநாள். அவருக்குச் சொன்ன தவணை 30ஆம் நாள். நான்கு வேலைக்கும் சேர்த்துத் தேவை 40 நாள். 18ஆம் நாளில் மீதி நிற்பது 22 நாள் வேலை. கையில் இருப்பது 12 நாள். நாளுக்கு எட்டு மணித்தியாலப்படி 22 நாள் என்பது 176 மணித்தியாலம். அதை 12 நாளில் முடிக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 14 மணித்தியாலத்துக்கும் மேலாக வேலை செய்ய வேண்டும்.

இரவு பத்து மணிக்கு எரியும் பட்டறை விளக்கின் காரணம் இதுதான். அவர் மற்றவர்களை விட ஆசைக்காரர் என்பதால் அல்ல. காசாகப் பட்ட கடனை நேரமாகத் திருப்பிக் கொடுக்கிறார். அந்த நேரம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது? வேலையாட்கள் ஐந்தரைக்குக் கை கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், கிழமையில் ஒன்றரை நாள் விடுமுறை என்று வரம்பு கட்டியிருக்கிறது. முதலாளிக்கு அப்படி எந்தச் சட்டமும் வரம்பு கட்டவில்லை. வேலையாளுக்கு ஊழியர் சேமலாப நிதியில் அவர் பங்கு 8 வீதமும் முதலாளி பங்கு 12 வீதமும் சேர்கிறது. முதலாளியின் முதுமைக்கு அரிவாள் மெசினைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே அந்த ஆறு மணித்தியாலம் அவருடைய நித்திரையிலிருந்தும், பிள்ளைகள் பாடம் சொல்லிக் கேட்கும் நேரத்திலிருந்துமே வரும்.

உடலும் இதற்கு விலை கொடுக்கிறது. உலக சுகாதார தாபனமும் சர்வதேச தொழில் தாபனமும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் உழைப்போரை விடப் பாரிசவாதம் வரும் ஆபத்து 35 வீதம் கூட. இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 வீதம் கூட.

கொப்பியை இரண்டாக்குதல்

ஆகவே வீட்டு நேரத்தை மீட்கும் வேலை பணப்பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும். எமது யோசனை எளியது. பொருளுக்குரிய செலவு முழுவதையும் தாங்கும் அளவுக்கு முற்பணம் கேளுங்கள். மேலே சொன்ன கணக்கில் அது 60 வீதம். 'இவ்வளவு கேட்டால் ஆட்கள் வரமாட்டார்கள்' என்று பயப்படுவோர், வேலையை இரண்டு கட்டமாகப் பிரிக்கலாம்: கீழ்த்தட்டு ஒரு கட்டம், மேல் அலுமாரி இன்னொரு கட்டம். ஒவ்வொரு கட்டமும் தன் பலகைக் காசைத் தானே கொண்டுவர வேண்டும். வாடிக்கையாளர் முன்னிலையிலேயே அந்தக் காசுக்குப் பலகை வாங்கி, பற்றுச்சீட்டின் ஒரு பிரதியை அவரிடம் கொடுப்பது சிறு ஊரில் மிகப் பெரிய விளம்பரம்.

முற்பணம் ஒரு கொப்பி, கூலியும் இலாபமும் இன்னொரு கொப்பி. முற்பணக் கொப்பியில் இருப்பது எமது பணம் அல்ல, பிறருடைய பலகை. அதிலிருந்து பிள்ளையின் சப்பாத்து வாங்கப்படும் நாளில் அடுத்த 'பாப்பம்' பிறக்கிறது. மனைவிக்கும் தனக்குமாக மாதம் ஒரு தொகையைச் சம்பளம் என்று எழுதி எடுக்கும் பழக்கம் எமது ஊர்களில் குறைவு. அது சிறிய தொகையாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டுச் செலவு அந்த எல்லைக்குள் நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

விலைச்சீட்டில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: இந்த விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதிப் பலகையும் பிணைச்சலும் அதோடு ஏறின. ஜனவரியில் பேசிய விலைக்கு ஏப்பிரலில் செய்து கொடுத்தவர்கள் தமது கூலியையும் சேர்த்து இழந்தார்கள். அதே மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, மின்சாரம் வரும் நேரம் பார்த்து நடுச்சாமத்திலும் மரம் அரியவேண்டியிருந்தது. அப்படியொரு காலத்தை எவராலும் முன்கூட்டி அறிய முடியாது. ஆனால் 'இந்த விலை 14 நாட்களுக்கு மட்டும்' என்ற ஒரு வரி, பேசிய விலையைத் திரும்பப் பேசுவதற்கு இடம் விட்டிருக்கும்.

பட்டறையைப் பெருப்பிப்பதற்காகக் கிழமைக் கடன் எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கிழமைதோறும் வாசலுக்கு வந்து அறவிடும் நுண்கடன்கள் வன்னிப் பெண்களை எவ்வளவு வாட்டின என்பதை நாம் அறிவோம். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை இருந்தது. இத்தொழிலின் வருமானமோ கிழமைக் கணக்கில் வருவதில்லை. வேலை முடிந்து பொருத்திய பின்பே மீதிக்காசு வரும். மாதக் கணக்கில் வரும் வருமானத்துக்குக் கிழமைக் கணக்கில் கடன் கட்டுபவர், இடைவெளியை நிரப்ப மீண்டும் புதிய முற்பணத்தையே தேடுவார்.

போகத்தோடு பொருந்தும் நாட்காட்டி

கொழும்பில் இருந்து வரும் முகாமைத்துவப் புத்தகங்களில் ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. எமது வேலைத்தளத்தின் ஆண்டு குளத்தில் தொடங்குகிறது.

காலபோக வெட்டு தை, மாசியில் முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வரும்போதே கேள்வி கூடுகிறது. பங்குனி, சித்திரை, வைகாசி முழுவதும் வேலை. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை இரணைமடுக் குளத்தின் நீர் மட்டத்தைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். கமக்காரர் மட்டும் காது கொடுக்க வேண்டிய கூட்டம் அல்ல அது. குறைந்த ஏக்கர் என்று தீர்மானமானால் புரட்டாதியில் அலுமாரி கேட்டு வருவோரும் குறைவு. ஓராளைப் புதிதாகச் சேர்ப்பதா, மெசின் வாங்குவதா என்று யோசிக்கும் முதலாளி முதலில் அந்தத் தீர்மானத்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

ஆடியில் சைவ வீடுகளில் கலியாணமும் குடிபூரலும் இல்லை. ஆயினும் அந்த மாதத்தில்தான் வெளிநாட்டுப் பிள்ளைகள் பாடசாலை விடுமுறைக்கு வருகிறார்கள். ஆவணிக் கலியாணத்துக்கான அவசரமும் அப்போதுதான். மார்கழியில் சைவர் பக்கம் ஓய்ந்தாலும் நத்தாருக்கு முன் நிறம் பூசிமுடிக்க வேண்டும் என்று கிறிஸ்தவ வீடுகள் கேட்கும். எமது மக்கள் பல சமயத்தவராக இருப்பதால் ஓய்வு மாதம் தானாக வந்து சேராது. அதை நாமே குறித்து வைக்க வேண்டும்.

குறிப்பதற்குப் பொருத்தமான காலம் ஐப்பசி பிற்பகுதியும் கார்த்திகையும் என்று நினைக்கிறோம். வடகீழ்ப் பருவமழையில் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், வார்னிஷ் காயாது. மழைக்குள் அவசரப்பட்டு அளவெடுத்துப் பொருத்திய கதவு, சோளகக் காற்று வீசும் வேளையில் சுருங்கி இடைவெளி விடும். அதைத் திருத்தக் கூலியின்றி ஒரு நாள் போகும். அந்தக் கிழமைகளில் பெரிய வேலைகளை ஏற்காமல், உளிகளைத் தீட்டி, கணக்கை முடித்து, பிள்ளைகளோடு இருக்கலாம். மழையும் தொழிலும் ஒரே பக்கம் நின்று ஓய்வு கொடுக்கும் காலத்தை வீணாக்குவானேன்? அந்த இடைவெளிக்கான வீட்டுச் செலவை வைகாசியிலேயே எடுத்து வைக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

மரம் கொண்டுவருவதற்கு அனுமதிப்பத்திரம் எடுக்கும் நாட்களையும் தவணைக்குள் சேர்த்தே சொல்ல வேண்டும். முதிரையோ தேக்கோ எதுவானாலும், பத்திரம் கைக்கு வரும் முன் கொடுத்த தவணை காற்றில் கட்டிய பரண்.

ரொறன்ரோவின் மத்தியானம்

வெளிநாட்டுக் காசில் நடக்கும் வேலைகளில் வீட்டில் இருப்பவர் அம்மா, தீர்மானிப்பவர் மகன். மகன் கனடாவில். கோடை காலத்தில் ரொறன்ரோ எமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தியது. ஞாயிறு மத்தியானம் அவர் ஆறுதலாக இருந்து தொலைபேசியில் அலுமாரியின் படத்தைப் பார்த்து 'கைபிடி வேறு நிறம்' என்று சொல்லும்போது இங்கு இரவு ஒன்பதரை. இலண்டனில் மாலை ஆறு மணி என்றால் இங்கு பத்தரை. இப்படி ஐந்து வீடுகளின் வேலை நடந்தால் இராச்சாப்பாடு எப்போதும் தட்டில் ஆறிக்கொண்டே இருக்கும்.

அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. அவர்களும் இரண்டு வேலை செய்து களைத்தவர்கள். ஆகவே வேலையை ஏற்கும்போதே இரண்டு காரியங்களைப் பேசிக்கொள்ளலாம். ஒன்று, தீர்மானம் எடுப்பவர் யார் என்பது: அம்மாவா, மகனா, ஒருவர்தான். மற்றது, பேசும் நேரம். ரொறன்ரோவில் இரவு எட்டரை என்றால் இங்கு காலை ஆறு. வேலை தொடங்கும் முன் பேசி முடித்து அன்றே திருத்தலாம். நிறமும் கைபிடியும் பலகை வெட்டும் முன் எழுத்தில் உறுதியாக வேண்டும். பின்னர் மாற்றினால் அதற்குத் தனி விலை. இதைச் சொன்னால் கோபிப்பார்கள் என்று பயப்படத் தேவையில்லை. அவர்கள் வாழும் நாடுகளில் எல்லா வேலையும் அப்படியே நடக்கிறது.

வேலிக்கு இப்புறமும் அப்புறமும்

பட்டறையும் வீடும் ஒரே வளவில் இருப்பது வாடகையை மிச்சப்படுத்தும். அதனால் வரும் கெடுதியை மூக்குக்குள் காணலாம். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருட்களின் முதலாம் வகுப்பில் சேர்த்தது. எமது முதிரை மரத்தின் தூள் சிலருக்குத் தோலில் கடியும் கொப்பளமும் உண்டாக்கும். பட்டறைப் பக்கத்துக் கொடியில் காயும் பள்ளிச் சீருடையிலும், திறந்திருக்கும் குசினியின் பானையிலும் அதே தூள்தான் படிகிறது. காற்று வீசும் திசை பார்த்துப் பட்டறையை வீட்டின் காற்றிறங்கு பக்கத்தில் வைப்பது, அரியும் இடத்துக்கும் குசினிக்கும் இடையில் ஒரு கிடுகு வேலியாவது அடைப்பது, வேலை உடுப்பைப் பட்டறையிலேயே மாற்றி வருவது ஆகியவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. அந்த வேலிக்கு இன்னொரு பயனும் உண்டு. வாடிக்கையாளர் விறாந்தைக்கு வராமல் பட்டறை வாசலில் நிற்பார். படலை பூட்டியிருந்தால் முதலாளி வேலையில் இல்லை என்பது ஊருக்கு விளங்கும்.

திரைச்சீலையும் மெத்தை உறையும் தைக்கும் பெண்களுக்கு இந்த வேலி இன்னும் அவசியம். போருக்குப் பின் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் வன்னியில் ஏராளம். தையல் மெசின் நிற்பது பிள்ளைகள் படிக்கும் அறையில். உலை கொதிக்கும்போது ஒரு கரை, பிள்ளை நித்திரையான பின் மறு கரை. ஆண் முதலாளிக்கு வேலை பிந்தினால் வீட்டு நேரம் குறையும். இவர்களுக்கு வீட்டு வேலை குறைவதேயில்லை; நித்திரை மட்டுமே குறைகிறது. இவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது, தைக்கும் நேரத்தை மட்டும் கூலியாக எண்ணாதீர்கள் என்பதுதான். யன்னல் அளக்கப் போன நேரமும், துணி எடுக்க வவுனியாவுக்கு பஸ்ஸில் போன நாளும் விலைக்குள் வரவேண்டும்.

கணவரின் பட்டறையில் கணக்கு எழுதி, வேலையாட்களுக்குத் தேநீர் ஊற்றி, பிந்திய தவணைக்காகத் திட்டு வாங்கும் மனைவியின் உழைப்பு எந்தக் கொப்பியிலும் இல்லை. அவருடைய பெயரில் சம்பளம் எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யும்போது அவரைப் பங்காளராகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். தவணை கொடுக்கும் முன் அவரைக் கேட்கும் பழக்கமும் அப்போது வரும். எந்தக் கிழமையில் பிள்ளைக்குச் சோதனை, எந்தக் கிழமையில் வற்றாப்பளைப் பொங்கல் என்பது அவருக்குத் தெரியும்.

கண்டியிலிருந்து ஒரு பாடம்

சிறு நகரில், சொந்த வீட்டில் இருந்துகொண்டு, பிறர் வீடுகளின் உட்புறத்தை ஆக்கியவர்களில் இலங்கையில் முதலில் நினைக்கத்தக்கவர் மினெட் டி சில்வா. 1918இல் கண்டியில் பிறந்தவர். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். ஊர் திரும்பிக் கண்டியில் தன் பெற்றோரின் வீட்டிலிருந்தே தொழிலைத் தொடங்கினார். 1951இல் முடிந்த கருணாரத்ன இல்லத்தில் தும்பறை நெசவையும் அரக்கு வேலையையும் சுடுமண் ஓட்டையும் செய்யும் கிராமக் கைவினைஞர்களைப் புதிய வீட்டுக்குள் கொண்டுவந்தார். கண்டி வத்தப்புளுவ வீட்டுத்திட்டத்தை 1950களில் வரையும்போது, குடியேறவிருந்த குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள் என்று முதலில் கேட்டார்.

ஆனால் அவருடைய தொழில் அவர் ஒருவரில் தங்கி நின்றது. 1970களில் தொழிலை விட்டு வெளிநாடு சென்று, ஹொங்கொங்கில் கற்பித்து, பின்னர் கண்டிக்கே திரும்பினார். முன்னைய நிலை திரும்பவில்லை. 1996இல் இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவனம் தங்கப்பதக்கம் வழங்கியது. 1998இல் கண்டியில் காலமானார். அந்த வீடும் பின்னர் பாழடைந்தது. இதற்கு எதிர்ப்புறத்தில் பார்பரா சன்சோனியின் கதையைப் பார்க்கலாம். நல்லாயன் கன்னியர் தமது பராமரிப்பில் இருந்த பெண்களின் நெசவுக்கு வடிவம் வரைந்து தருமாறு அவரைக் கேட்டதிலிருந்து வளர்ந்த 'பெயார்ஃபூட்' நிறுவனம் 1964இல் உருவானது. தறிகள் பெண்களின் ஊர்களுக்கு அருகே வைக்கப்பட்டன. நிறத்தைத் தெரிவுசெய்தவர் ஒருவர், நெய்தவர்கள் பலர். சன்சோனி 2022இல் காலமானார், தறிகள் நிற்கவில்லை.

இருவரையும் தராசில் வைப்பது எமது நோக்கம் அல்ல. திறமையில் மினெட் எவருக்கும் குறைந்தவர் அல்லர். எமது வேலைத்தளங்களில் அளவெடுப்பதும் விலை பேசுவதும் பொருத்துவதும் ஒருவரே என்றால், அவருக்குக் காய்ச்சல் வந்த நாளில் எல்லாம் நின்றுவிடும். ஒருவராவது அளவெடுக்கப் பழகியிருந்தால் முதலாளி ஒரு நாள் மடுத் திருநாளுக்குப் போய்வரலாம்.

வத்தப்புளுவ வினாக்கொத்தைக் குழுவாக வாசிப்போர் ஒரு பயிற்சியாகச் செய்து பார்க்கலாம். வாடிக்கையாளர் வீட்டில் நாம் என்ன கேட்கிறோம்? எத்தனை பேர், எங்கே படுக்கிறீர்கள், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், எல்லோரும் சேர்ந்து இருப்பது எந்த நேரம் எந்த இடத்தில்? அதே கேள்விகளை ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் கேட்டு, விடையைப் பிள்ளைகள் சொல்ல எழுதிக்கொண்டு வாருங்கள். கடைசிக் கேள்விக்கு என்ன விடை வந்தது என்பதை அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்.

ஏற்கெனவே தவணை தவறி நிற்போருக்கு

'இதெல்லாம் புதிதாகத் தொடங்குவோருக்குச் சரி, நாங்கள் கழுத்தளவில் நிற்கிறோம்' என்போர் இருப்பர். அவர்கள் முதலில் கையிலுள்ள எல்லா வேலைகளையும் ஒரு தாளில் எழுத வேண்டும்: வாங்கிய முற்பணம், இன்னும் வாங்கவேண்டிய பலகை, தேவையான நாட்கள், சொன்ன தவணை. கலியாணம், குடிபூரல் என்று மாற்றமுடியாத நாளுள்ளவை முன்னே வரட்டும். மற்றவர்களிடம் தொலைபேசியில் அல்லாமல் நேரில் போய், தவணை வரும் முன்னரே, புதிய நாளைச் சொல்லுங்கள். சிலர் ஏசுவார்கள். முற்பணத்தைத் திருப்பிக் கேட்பவருக்கு, பலகை வாங்காத வேலையானால், பகுதி பகுதியாகவாவது கொடுத்து அந்தப் பெயரை வெட்டிவிடுங்கள். தாளில் உள்ளவை முடியும் வரை சிறு திருத்த வேலைகளைத் தவிர வேறெதற்கும் காசு வாங்கக் கூடாது.

இதற்கு ஒரு போகம் பிடிக்கும். மழைக்காலத்திலேயே தொடங்குவது நல்லது. வெட்டு முடிந்து ஆட்கள் காசோடு படலையில் வந்து நிற்கும்போது, 'இப்ப வேண்டாமக்கா, வைகாசியில வாங்கோ' என்று சொல்வதற்கு முன்கூட்டியே வாய் பழகியிருக்க வேண்டும்.